வன்னியில் றம்புட்டான் ஏன் கருகுகிறது?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு கிணறு. எல்லையில் இரண்டு பெரிய பாலை மரங்கள். போன வருடம் கம்பஹாப் பக்கமிருந்து ஆறு றம்புட்டான் கன்றுகள் வாங்கிவந்து நட்டாராம். மாரியில் தளதளவென்று நின்றவை, ஆடி பிறந்ததும் இலைக்கரை கருகத் தொடங்கி, மூன்று பட்டுப்போய்விட்டன. நாள் தவறாமல் பின்னேரத்தில் தண்ணீர் ஊற்றியும் இப்படி. "மகளின் புவியியல் பாடத்தில் எங்கள் நாடு முழுவதும் அயன மண்டலம் என்றுதான் இருக்கிறது. றம்புட்டானும் அயன மண்டலத்துப் பழம். பிறகு ஏன் அங்கே காய்க்கிறது, இங்கே சாகிறது? கனடாவில் இருக்கும் தம்பி அப்பிள் விதை அனுப்புகிறேன் என்கிறான், வாங்கலாமா? இந்தக் காணியில் என்னதான் வைப்பது?" என்று கேட்கிறார்.

சகோதரி, கன்றிலும் பிழையில்லை, உங்கள் கையிலும் பிழையில்லை. அயன மண்டலம் என்ற சொல் வெப்பத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. மரத்துக்கு அது பாதி விவரம். மற்றப் பாதி, தொடர்ந்து எத்தனை மாதம் மழை இல்லாமல் இருக்கும் என்பது. றம்புட்டானைக் கொன்றது அந்த மற்றப் பாதிதான்.

மழையின் மொத்த அளவைப் பார்த்தால் வன்னி வறண்ட இடமே இல்லை. ஒரு வருடத்தில் ஏறக்குறைய 1200 முதல் 1500 மில்லிமீற்றர் வரை பெய்கிறது. லண்டனில் விழுவது சுமார் 600 தான். ஆனால் அங்கே அது பன்னிரண்டு மாதமும் தூறித் தூறி விழுகிறது, வெயிலும் குறைவு. நமக்கோ ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் கொஞ்சம் இடிமழை. அதற்குப் பிறகு புரட்டாதி வரைக்கும் வானம் வெறுமை. அந்த நாலைந்து மாதத்தைத் தாண்டுவதற்காகத்தானே நம் ஆட்கள் வன்னி முழுக்கக் குளம் கட்டி வைத்தார்கள்? குளத்துக்குத் தண்ணீரைத் தேக்கிவைக்க நாம் இருக்கிறோம். மேட்டுக்காணியில் நிற்கும் மரம் தானேதான் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

வறண்ட மாதம் எது என்று கணக்கிட எளிதான ஒரு விதி உண்டு. ஜேர்மன் தாவரவியலாளர் ஹைன்ரிக் வால்டர் தன் காலநிலை வரைபடங்களில் இதைப் பயன்படுத்தினார். ஒரு மாதத்தின் சராசரி வெப்பநிலையை இரண்டால் பெருக்குங்கள். அந்த மாதம் பெய்த மழை, மில்லிமீற்றரில், அந்த எண்ணை விடக் குறைவாக இருந்தால் அது வறண்ட மாதம். நமக்குச் சராசரி 28 பாகை என்று வைத்தால் கணக்கு 56 மில்லிமீற்றர். பக்கம் நேராக உள்ள ஒரு தகர டின்னை முற்றத்தில் வெளியான இடத்தில் வைத்து, மழை பெய்த ஒவ்வொரு முறையும் அடிமட்டத்தால் அளந்து, கலண்டரில் எழுதச் சொல்லி மகளிடம் கொடுங்கள். ஒரு வருடம் எழுதினால் உங்கள் காணியின் வறண்ட மாதங்கள் கையில் இருக்கும். எந்தக் கன்று வாங்கப் போனாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படி வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் உலகத்தை மழைக்காடு, பாலைவனம், தைகா என்ற வடபுலத்து ஊசியிலைக் காடு, தூந்திரம் என்ற மரமில்லாத குளிர்நிலம் என்று உயிரினத் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே மாதிரி வெப்பமும் ஒரே மாதிரி ஈரமும் உள்ள இடங்களில், கண்டங்கள் வேறானாலும், ஒரே சாயல் கொண்ட செடிகொடிகள் வந்துவிடுகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த நாகதாளியையும் நம் ஊர்ச் சதுரக்கள்ளியையும் பாருங்கள். இரண்டும் முள், இரண்டும் இலையை விட்டுவிட்டுத் தண்டில் தண்ணீர் சேர்ப்பவை. ஆனால் சொந்தம் எதுவும் இல்லை. கள்ளியைக் கீறினால் பால் வரும், நாகதாளியில் வராது. பிரச்சினை ஒன்று என்பதால் இரண்டு குடும்பங்களும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இப்போது றம்புட்டானுக்கு வருவோம். அதன் பூர்வீகம் மலாயாப் பக்கத்து மழைக்காடு. அங்கே மரத்துக்குத் தண்ணீர் ஒரு கவலையே இல்லை, வெளிச்சத்துக்குத்தான் போட்டி. அதனால் இலை அகலம், வேர் பெரும்பாலும் மேல்மண்ணில், தண்டுக்குள் தண்ணீர் தாராளமாக ஓட வழி. கம்பஹா மாவட்டத்து மல்வானையில் அது செழிப்பதற்குக் காரணம், அங்கே தொடர்ந்து இரண்டு மாதம் காய்வதே அரிது. இங்கே வைகாசி தொடங்கியதும் கச்சான் காற்று அடிக்கிறது. தென்மேல் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டுச் சரிவிலும் மேற்கிலும் இறக்கிவிட்டு வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. அந்தக் காற்று இலையிலிருந்து உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் இடம் இலையின் கரை, ஆகவே அதுதான் முதலில் கருகும். உங்கள் கிணறு கொஞ்சம் சவர் என்றால் அதுவும் சேர்ந்து கருக்கும், றம்புட்டானுக்கு உப்பு ஆகாது.

பின்னேரம் பின்னேரம் ஊற்றியது உதவாததற்கும் காரணம் உண்டு. ஒரு வாளித் தண்ணீர் மேல் நாலைந்து அங்குலத்தைத்தான் நனைக்கும். வேரும் அங்கேயே நின்றுவிடும். அடுத்த நாள் பகலில் முதலில் சூடாகிக் காய்வது அந்த மண்தான்.

எல்லையில் நிற்கும் பாலை இதற்கு நேர் எதிர். நான் எத்தனையோ கோடையில் வெடித்த தரையில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அதன் இலை கரும்பச்சையாகவே இருக்கும். இலை தடிப்பு, தோல் போல, மேலே மினுக்கம். வேர் ஆழம். வளர்ச்சி மிக மெதுவு, அதனால் வைரம் இறுகித் தண்ணீரில் தாழும் அளவுக்குக் கனம். அந்த இறுக்கத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. மரத்துக்குள் தண்ணீர் கீழிருந்து மேலே ஓர் அறாத இழை போல இழுபட்டுப் போகிறது. கோடையில் இழுவை கூடினால் அந்த இழை அறுந்து, நடுவில் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும். அகலமான குழாய் உள்ள மரங்கள் இதற்குச் சுலபமாக ஆட்படும். ஒடுங்கிய, தடித்த சுவருள்ள குழாய்கள் தாங்கும். வீரையும் கருங்காலியும் இதே வழிதான். மழைக்காட்டு மரம் வேகமாக வளர்கிறது, பாலை சாகாமல் இருக்கிறது.

பழத்தைக் கூட அது நாள் பார்த்துத்தான் பழுக்க வைக்கிறது. ஆனி, ஆடி, காடு காய்ந்து கிடக்கும் நேரம். கரடிக்கு அப்போது அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. தின்றுவிட்டு விதையை எங்கெங்கோ போட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நாளில் மாரி வந்துவிடும், விதை முளைக்கும். நாமும் சின்ன வயதில் உதடு ஒட்ட ஒட்டத் தின்றவர்கள்தானே.

முதிரை வேறு வழியைப் பிடித்தது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். விளாத்தியும் அப்படித்தான். உங்கள் தம்பியிடம் மேப்பிள் மரம் ஏன் இலை உதிர்க்கிறது என்று கேட்டால் குளிர் என்பார். அது சரிதான், ஆனால் குளிரில் மண்ணிலுள்ள தண்ணீர் உறைந்துவிடுகிறது. உறைந்த தண்ணீரை வேரால் குடிக்க முடியாது. அதுவும் மரத்துக்கு ஒரு வறட்சிதான். அவருக்கு மார்கழி, நமக்கு ஆடி. இன்னும் வடக்கே தைகாவில் ஊசியிலை மரங்கள் இலையை உதிர்க்காமல், அதை ஊசியாக்கி மெழுகு பூசி வைத்துக்கொள்கின்றன. நம் பழைய ஐந்திணையில் பாலைத் திணைக்கென்று தனி நிலம் வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்றார்கள். வன்னியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: மார்கழியில் முல்லை, ஆவணியில் பாலை, இடம் ஒன்றுதான்.

அப்பிளுக்கு இதிலிருந்தே பதில் வந்துவிடும். அது குளிர்காலத்தை எண்ணுகிற மரம். பெரும்பாலான வகைகளுக்கு 7 பாகைக்குக் கீழே 800, 1000 மணித்தியாலம் கிடைத்தால்தான் மொட்டு உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்கும். வன்னியில் மார்கழி விடியற்காலையில்கூட 20 பாகைக்கு வெகு கீழே போவது அபூர்வம். செடி உயிரோடு நிற்கலாம், காய்க்காது. ஒலிவும் அப்படியே. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில், நம்மைப் போலவே. ஆனால் பூப்பதற்கு அதற்கும் குளிர் வேண்டும். இன்னொன்று, விதையை வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் நம் நன்மைக்கே. வேற்றிடத்துச் செடி ஒன்று நம் வறட்சியை அளவுக்கு மீறி விரும்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை அம்பாந்தோட்டையின் புந்தல தேசியப் பூங்காவில் பரவிய சீமைக் கருவேலம் காட்டியிருக்கிறது.

சரி, என்ன வைப்பது? வறட்சியைத் தாங்கும் மரத்தை விட, வறட்சி தேவைப்படும் மரத்தை முதலில் தேடுங்கள். மா அப்படிப்பட்டது. மாரி முடிந்து வரும் காய்ச்சல்தான் அதைப் பூக்கத் தூண்டும். பூக்கும் நேரம் மழை பெய்தால் பூவில் கருகல் நோய் விழும். ஈரவலயத்தில் மா சரியாகக் காய்க்காமல் போவதும், இங்கே கறுத்தக்கொழும்பான் அவ்வளவு ருசியாக வருவதும் இதனால்தான். நீங்கள் குறை என்று நினைத்த கோடை இங்கே உங்கள் கையிருப்பு. தேசியும் மாதுளையும் நம் கோடையோடு ஒத்துப்போகும். மரமுந்திரிகை மணல் கலந்த நிலத்தில் நன்றாக வரும். கொய்யாவுக்கு இரண்டு வருடம் கொஞ்சம் கவனிப்பு வேண்டும், பிறகு பிழைத்துக்கொள்ளும். டிராகன் பழமும் பொருந்தும். அது மத்திய அமெரிக்கக் கள்ளி இனம், பகலில் இலைத்துளைகளுக்கு ஒப்பான தண்டுத் துளைகளை மூடிவைத்து இரவில் மட்டும் திறந்து மூச்சு விடுகிறது, தண்ணீர் அதிகம் போகாது. ஆனால் மாரியில் அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், மண்ணை மேடாக்கி நடுங்கள். பலா என்றால் கிணற்றடியில் ஒன்று மட்டும். யானை வருகிற பக்கம் என்றால் பலாவும் வாழையும் அதை அழைக்கும். தோடை, தேசி இனத்தை அது அவ்வளவாக நாடுவதில்லை. வஸ்கமுவைப் பக்கத்தில் வீட்டைச் சுற்றித் தோடை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். யானை வருகிற எல்லையோரம் தேசியையே நிரையாக வையுங்கள்.

நடும் நாள் மிக முக்கியம். சித்திரை மழையை நம்பி நடாதீர்கள். ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் நடுங்கள், வேருக்கு மூன்று மாதம் ஈரம் கிடைக்கும். மாவுக்கு மூன்று அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி, மேல்மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் ஆணிவேர் கீழே இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மாசி வந்ததும் அடியைச் சுற்றி ஒரு சாண் தடிப்புக்குச் சருகு போடுங்கள், தண்டில் முட்டாமல். தினமும் ஒரு வாளிக்குப் பதிலாக ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஊற விடுங்கள். கன்றுக்கு ஒன்றரை அடி தள்ளி மண்முட்டி ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடிவிட்டால் இன்னும் நல்லது. முட்டியின் சுவர் வழியாகக் கசியும் ஈரத்தைத் தேடி வேர் கீழே போகும். மேற்குப் பக்கம் ஒரு கிடுகு கட்டிவிடுங்கள், கச்சானுக்கு அது போதும்.

தப்பிய மூன்று றம்புட்டானையும் பிடுங்க வேண்டாம். சின்னக் கன்றுதான், மாரி தொடங்கியதும் வேர்மண் உடையாமல் கிளப்பி, கிணற்றடியில் மேற்கு வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். கிளிசரியா வேலி போட்டுக் காற்றை மறையுங்கள். வீட்டுக்கு நாலு பழம் தரக்கூடும். தோட்டமாக வைக்க அது இங்கே சரிவராது.

கடைசியாக அந்த இரண்டு பாலை மரங்கள். சப்போட்டா மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். அதுவும் பாலையும் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். இந்தியாவில் சப்போட்டாவைப் பாலைக் கன்றின் மேல்தான் ஒட்டுகிறார்கள், அடியில் பாலை வேர், மேலே சப்போட்டாப் பழம். வருகிற ஆனியில் பழம் விழும்போது விதைகளைப் பொறுக்கிக் கழுவி, காயவிடாமல் பையில் போடுங்கள். மெதுவாகத்தான் வளரும், பென்சில் தடிப்பு வர இரண்டு வருடம் பிடிக்கலாம். அதற்குள் ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்து ஊரில் விசாரித்து வையுங்கள். ஒரு ஐம்பது விதை போடுங்கள், எல்லாம் முளைக்காது.