டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அப்பா எரிந்து விழுகிறார், பத்தியச் சாப்பாடு காரணமாக இருக்குமா?

இருக்கலாம். காசிமேட்டு மீனும் கருவாட்டுக் குழம்புமாக வாழ்ந்தவரிடம் திடீரென்று உப்பைக் குறை, இளநீர் கூடாது, தண்ணீரைக்கூட அளந்து குடி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எங்கள் ராயபுரம் வீட்டில் அம்மாவும் இப்படித்தான், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

உடம்பும் சேர்ந்துகொள்ளும். ரத்தத்தில் கழிவு தேங்கினால் வாயில் இரும்பு மாதிரி ஒரு ருசி, பசி போய்விடும், சரியாகச் சாப்பிடாமல் ரத்தசோகையும் சேர்ந்தால் வரும் அசதி அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். இன்னொன்று, டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், தொடங்கியபின் கூட்டவேண்டும், பொதுவாக எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். பலர் பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு வாடிப்போகிறார்கள். அதனால் கருவாட்டை நிறுத்துங்கள், மீனை நிறுத்தாதீர்கள். அளவை மட்டும் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு கேட்கிறாரா? பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால், சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் தேங்கும் உப்புச்சத்தான பொட்டாசியம் நன்றாகக் குறையும், அப்புறம் மிளகு, பூண்டு போட்டு வறுக்கலாம். உப்பு குறைந்தால் தாகமும் குறையும். ஆனால் சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், வேண்டவே வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்றி, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டாக்டரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தனிச் சட்டி வைப்பதை விட்டு, எல்லாருக்கும் ஒரே உப்புக் குறைந்த குழம்பு என்று மாற்றினோம், மாடிக்குப் போவது நின்றது.