சைக்கிளை ஓவர்டேக் பண்றப்ப எவ்வளவு இடம் விடணும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. ஸ்கூல்ல குடுத்த சைக்கிள்லதான் தினமும் மெயின் ரோட்டுல போய்ட்டு வர்றா. டிப்பர் லாரியெல்லாம் அணைச்சுக்கிட்டே போகுதும்மான்னு பயப்படறா. இன்னும் ஓரமா போடின்னு சொல்லித்தான் அனுப்பறேன், வேற என்ன சொல்லிக் குடுக்கணும்?
– ஒரு அம்மா, மதுராந்தகம்

பதில்: அம்மா, ஓரமா போன்னு எல்லா வீட்லயும் சொல்றதுதான், ஆனா ரொம்ப ஓரம் போறதும் ஆபத்துங்க. நம்ம ரோட்டோட ஓரத்தை ஒரு தடவை நின்னு பாருங்க, தார் முடியற இடத்துல நாலு விரக்கடை பள்ளம், அதுக்கு அந்தப்பக்கம் செம்மண், தார் மேலயே லாரியில இருந்து கொட்டின மணலும் ஜல்லியும் பரவிக் கிடக்கும். முன் சக்கரம் அந்தப் பள்ளத்துல இறங்கிட்டா, திரும்ப மேல ஏத்தறப்ப டயர் விளிம்புல உரசிக்கிட்டே ஓடும், ஏறாது, ஹேண்டில் திரும்பாது, அப்ப விழறது பெரும்பாலும் வலது பக்கம்தான், அதாவது லாரி வர்ற பக்கம்.

இன்னொண்ணும் இருக்கு. பிள்ளை விளிம்பை ஒட்டிப் போனா, பின்னாடி வர்றவருக்கு நுழைஞ்சு போயிடலாம்னு தோணும், எதிர்ல பஸ் வந்தாகூட நுழைவாரு. அதனால வெள்ளைக் கோட்டுக்கு வெளிய நல்ல தார் இருந்தா அதுல போகட்டும், இல்லன்னா விளிம்புல இருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் உள்ள தள்ளி வளையாம நேரா ஓட்டட்டும். அப்பதான் பின்னாடி வர்ற டிரைவர், வலது பக்கம் ஒடிச்சுத்தான் தாண்டணும்னு முன்கூட்டியே புரிஞ்சுக்குவாரு, நெருக்கி வந்தாலும் பிள்ளைக்கு ஒதுங்க இடது பக்கம் கொஞ்சம் இடம் இருக்கும்.

பெரிய வண்டி தாண்டறப்ப காத்து முதல்ல வெளிய தள்ளும், வண்டி போனதும் உள்ள இழுக்கும், அந்த ரெண்டாவது இழுப்புலதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கணும், புஸ்தகப் பையை ஹேண்டில்ல தொங்கவிடாம கேரியர்ல கட்டச் சொல்லுங்க. முதல் லாரி போயிடுச்சேன்னு உடனே நடுவுக்கு வரவும் கூடாது, ஒட்டியே இன்னொண்ணு வரும், அந்த டிரைவருக்கு முன்னாடி லாரி மறைச்சதால உங்க பொண்ணு கடைசி நேரத்துலதான் கண்ணுல படுவா. நிறுத்தி வெச்ச வண்டியைச் சுத்திப் போகணும்னா கிட்ட போய் சட்டுனு ஒடிக்காம தூரத்துலயே திரும்பிப் பாத்து, கை காட்டிட்டு வரட்டும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர்றான்னா பின் மட்கார்டுல சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, சேறு படிஞ்சிருந்தா துடைச்சு விடுங்க.

கேள்வி: சைக்கிளை ஓவர்டேக் பண்ண எத்தனை அடி விடணும்னு சட்டம் இருக்கா? ஹாரன் அடிச்சாலும் சில பேர் விலகறதே இல்ல.
– கார் ஓட்டும் வாசகர், கோவை

பதில்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல இத்தனை மீட்டர்னு கணக்கு கிடையாது சார். ஆனா ஆபத்தா ஓட்டறதுக்கான 184-வது பிரிவுல, விதிக்கு மாறா ஓவர்டேக் பண்றதையும் 2019 திருத்தத்துல சேத்துட்டாங்க, முதல் தடவையே ஆயிரத்துல இருந்து அஞ்சாயிரம் வரை அபராதம், ஜெயிலும் உண்டு. வெளிநாட்டுல கணக்கே எழுதி வெச்சிருக்காங்க, ஜெர்மனியில 2020-ல இருந்து ஊருக்குள்ள 1.5 மீட்டர், வெளிய 2 மீட்டர், ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல 60 கிலோமீட்டர் வேகம் வரை உள்ள ரோட்டுல 1 மீட்டர், அதுக்கு மேல 1.5.

நீங்க 1.5 மீட்டர்னே வெச்சுக்கங்க, அதுவும் சைக்கிள் டயர்ல இருந்து இல்ல, ஹேண்டில் நுனியில இருந்து உங்க சைடு மிரர் வரைக்கும். ஏன்னா சைக்கிள்ல இருந்து ஒருத்தர் பக்கவாட்டுல விழுந்தா அவர் தலை கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வந்து விழும், அங்க உங்க சக்கரம் இருக்கக் கூடாது. 80-ல வர்றீங்க, சைக்கிள் 15-ல போகுதுன்னா செகண்டுக்கு 18 மீட்டர் அவரை நெருங்கறீங்க, குழியைப் பாத்து அவர் ஒரு அடி ஒடிச்சா பிரேக்குக்கு நேரமே இருக்காது.

ஹாரன் விஷயம். கிட்ட வந்து அடிச்சா அவர் வலது பக்கம் திரும்பிப் பாப்பாரு, தலை திரும்பினா ஹேண்டிலும் கூடவே வலது பக்கம் சாயும், நீங்க எங்க போகணுமோ அங்கயே அவர் வந்துடுவாரு. தூரத்துலயே லேசா ஒரு தடவை அடிங்க போதும். எதிர்ல வண்டி வந்தா அவர் பின்னாடியே மெதுவா வாங்க, நின்னா போறது சில செகண்டுதான். தாண்டின கையோட அவர் முன்னாடி இடது பக்கம் திரும்பற பழக்கத்தையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, ஷேர் ஆட்டோக்காரங்க ஆளைப் பாத்ததும் இப்படித்தான் ஒடிக்கறாங்க, சைக்கிள்காரருக்கு நிறுத்த இடமே கிடைக்காது.

கேள்வி: ஹெல்மெட் போட்டா வண்டிக்காரங்க இன்னும் நெருக்கிப் போவாங்கன்னு ஆராய்ச்சி சொல்லுதாமே?
– ஈசிஆர்ல சைக்கிள் ஓட்டும் வாசகர், சென்னை

பதில்: இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்து இயன் வாக்கர் சைக்கிள்ல சென்சார் மாட்டி ரெண்டாயிரத்துக்கும் மேல ஓவர்டேக்குகளை அளந்தாரு, ஹெல்மெட் இல்லாம போறப்ப வந்ததைவிட ஹெல்மெட்டோட போறப்ப வண்டிக்காரங்க சராசரியா 8.5 சென்டிமீட்டர் கூடுதலா நெருங்கி வந்தாங்க. அதே கணக்கை வேற ஆராய்ச்சியாளர்கள் திரும்பப் போட்டுப் பாத்து, ஆபத்தான அளவுக்கு நெருங்கறதுக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லன்னு சொன்னாங்க. போடுங்க தம்பி, விடியற்காலையில ஓட்டறவர்னா பின்னாடி சிவப்பு லைட்டும் கண்டிப்பா வேணும், சீட்டுக்கு அடியில மாட்டற பை அதை மறைக்காம பாத்துக்கங்க.