சர்வே டிராயிங் வந்ததும் மாடல் ஏன் நடுங்குகிறது? பிம் கேள்வி பதில்

கட்டடத்தை வெறும் கோடுகளாக வரையாமல், சுவரைச் சுவராகவும் குழாயைக் குழாயாகவும் அதனதன் தகவலோடு கணினியில் எழுப்புவது பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், அதாவது பிம். வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி, எந்த பிம் சாஃப்ட்வேர் நல்லது, "ரெவிட்டா ஆர்க்கிகேடா" ரகம். அவற்றை ஒதுக்கிவிட்டேன். ஆபீஸ் எதில் ஓடுகிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மற்றவற்றைச் சற்றுச் சுருக்கிப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை, டிராஃப்ட்ஸ்மேன்): மேடம், சர்வேயர் கொடுத்த டிடபிள்யூஜியை (ஆட்டோகேட் டிராயிங் ஃபைல்) ரெவிட்டில் லிங்க் பண்ணினேன். 16 கிலோமீட்டருக்கு மேல் என்று ஏதோ எச்சரிக்கை வருகிறது. ஓகே கொடுத்தால் கோடுகள் நடுங்குகின்றன, ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) பிய்ந்து தெரிகிறது. டிராயிங் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: டிராயிங் நன்றாகத்தான் இருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிக்கல். சர்வேயர்கள் பெரும்பாலும் யூடிஎம் ஆயங்களில், அதாவது உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறையில் கொடுப்பார்கள். சென்னை 44ஆம் மண்டலத்தில் வருகிறது. நகரின் நடுவில் ஒரு புள்ளியை எடுத்தால் கிழக்கு சுமார் 4,20,000 மீட்டர், வடக்கு சுமார் 14,46,000 மீட்டர் என்று இருக்கும். ரெவிட்டோ தன் இன்டர்னல் ஆரிஜினிலிருந்து (மாடலின் 0,0 புள்ளி) 16 கிலோமீட்டருக்குள் இருப்பதை மட்டுமே துல்லியமாகக் கணக்கிடும். நீங்கள் 1,500 கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டப் பார்க்கிறீர்கள்.

முதலில் ஆட்டோகேடில் ஒரு நகலைத் திறந்து ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுங்கள். திரையில் இரண்டு மூலைகளில் இரண்டு துளிகள் மட்டும் தெரிந்தால், யாரோ டைட்டில் பிளாக்கையோ வடக்கு அம்புக்குறியையோ 0,0-வில் விட்டுவைத்திருக்கிறார்கள். அதை அழித்து பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்கும் கட்டளை) செய்யுங்கள். மேற்படி எச்சரிக்கைக்குப் பாதி நேரம் காரணம் இந்த ஒரு பிளாக்தான். அடுத்து, அளவு தெரிந்த இரண்டு எல்லைக்கற்களுக்கு இடையே டிஸ்ட் (தூரம் அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். 48.5 என்று வந்தால் யூனிட் மீட்டர், 48500 என்றால் மில்லிமீட்டர்.

பிறகு ரெவிட்டில் லிங்க் கேட், இம்போர்ட் அல்ல. யூனிட்டை ஆட்டோ டிடெக்டில் விடாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். பொசிஷனிங் சென்டர் டு சென்டர். இப்போது டிராயிங் உங்கள் மாடலுக்குப் பக்கத்தில் வந்து விழும். அதை நகர்த்தி, திருப்பி, உங்கள் ஏ-1 கிரிட் சந்திப்போடு பொருத்துங்கள். நகர வேண்டியது டிராயிங். மாடலைத் தொடாதீர்கள். பொருந்திய பின் மேனேஜ் டேபில் கோஆர்டினேட்ஸ், அதில் அக்வயர் கோஆர்டினேட்ஸ் எடுத்து, லிங்க் மேல் ஒரு கிளிக். சர்வேயரின் ஆயங்களை மாடல் வாங்கிக்கொள்ளும். கடைசியாக ஒரு எல்லைக்கல்லில் ஸ்பாட் கோஆர்டினேட் வைத்து, அதன் ஆரிஜினை சர்வே பாயின்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சர்வேயர் எழுதிய எண் அப்படியே வந்தால் வேலை முடிந்தது. லிங்க் நகராதபடி அதற்கு பின் போட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சர்வேயரிடம் கேட்டுவிடுங்கள்: இது கிரிட் அளவா (யூடிஎம் வரைபடத்தில் உள்ள தூரம்), தரை அளவா (தரையில் நாடா போட்டு அளக்கும் தூரம்)? சென்னைப் பக்கம் யூடிஎம் கிரிட்டில் 100 மீட்டர் நீளம் ஏறக்குறைய 99.968 ஆகத் தெரியும். அதாவது 32 மி.மீ. குறைவு. 200 மீட்டர் மனையில் 64 மி.மீ. "சுவர் சர்வேயோடு ஒட்டவில்லை" என்று சைட்டில் நடக்கும் பல சண்டைகளின் மூலம் இதுதான், இரண்டு தரப்பும் சரியாகத்தான் அளந்திருப்பார்கள். கோவைக்காரர்களுக்கு ஒரு வரி: உங்கள் ஊர் 43ஆம் மண்டலம். 78 டிகிரி தீர்க்கரேகைதான் எல்லை. சென்னையிலிருந்து டெம்ப்ளேட்டை நகலெடுத்தால் மண்டல எண்ணை மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): அக்வயர் கோஆர்டினேட்ஸ் எல்லாம் செய்துவிட்டோம். ஆனாலும் பல மாடல்களை ஒன்றாக்கிப் பார்க்கும் நேவிஸ்வொர்க்ஸில் சேர்த்தால் பிளம்பிங் மாடல் மட்டும் எங்கோ வானத்தில் நிற்கிறது.

பதில்: ரெவிட்டிலிருந்து நேவிஸ்வொர்க்ஸுக்கு அனுப்பும் என்டபிள்யூசி ஃபைலின் எக்ஸ்போர்ட் செட்டிங்ஸில் கோஆர்டினேட்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். ஒருவர் ஷேர்டு என்றும் மற்றவர் புராஜெக்ட் இன்டர்னல் என்றும் வைத்திருப்பார். எல்லோரும் ஷேர்டு வையுங்கள். பிம் சாஃப்ட்வேர்களுக்குப் பொதுவான ஃபைல் வகையான ஐஎஃப்சி எக்ஸ்போர்ட்டிலும் கோஆர்டினேட் பேஸ் என்று இதே கேள்வி வரும், அங்கேயும் அதே பதில். நேவிஸ்வொர்க்ஸில் கையால் இழுத்து உட்கார வைக்கவே வேண்டாம். அடுத்த வாரம் புது ஃபைல் வந்ததும் மறுபடி இழுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (அமெரிக்க வேலை செய்யும் அவுட்சோர்சிங் அலுவலகம்): ஸ்டேட் பிளேன் (அமெரிக்க மாநிலவாரி) ஆயங்கள் கொடுத்திருக்கிறார்கள். சிவில் மாடலும் எங்கள் மாடலும் சரியாக 4 அடி விலகி நிற்கின்றன. யூனிட் இரண்டிலும் அடிதான்.

பதில்: அடி இரண்டு வகை. இன்டர்நேஷனல் அடி 0.3048 மீட்டர். யுஎஸ் சர்வே அடி 1200/3937 மீட்டர். வித்தியாசம் பத்து லட்சத்தில் 2 பங்கு. ஆயம் 20 லட்சம் அடி என்றால் விலகல் சரியாக உங்கள் 4 அடி. சர்வே அடியை அமெரிக்கா 2022 இறுதியோடு கைவிட்டுவிட்டது, ஆனால் பழைய சர்வேக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சிவில் தரப்பிடம் எந்த அடி என்று எழுத்தில் வாங்கி, டிடபிள்யூஜியின் இன்ஸ்யூனிட்ஸில் (அலகைக் குறிக்கும் செட்டிங்) அதையே வையுங்கள். கட்டட நீளத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆயத்தில் மட்டுமே கடிக்கும்.

கேள்வி (பிம் கோஆர்டினேட்டர்): அக்கா, பொருள்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களைத் தேடும் கிளாஷ் டெஸ்ட் ஓட்டினால் 6,000 வருகிறது. கிளையன்ட் ஜீரோ கிளாஷ் கேட்கிறார். டாலரன்ஸைக் (கண்டுகொள்ளாமல் விடும் மோதல் அளவு) கூட்டினால் குறைகிறது. கூட்டலாமா?

பதில்: கூட்டினால் எண் குறையும், சிக்கல் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டதுதான் தவறு. சர்ச் செட் (பொருள்களை வகைவாரியாகப் பிரிக்கும் தொகுப்பு) போட்டு வரிசையாக ஓட்டுங்கள்: முதலில் பீம், தூணுக்கு எதிராக டக்ட் (ஏசி காற்றுக் குழாய்). பிறகு அவற்றுக்கு எதிராகச் சரிவோடு ஓடும் கழிவுநீர்க் குழாய். பிறகு டக்டுக்கு எதிராகக் கழிவுநீர்க் குழாய். இவை அடங்கிய பிறகுதான் கேபிள் ட்ரே, தண்ணீர்க் குழாய், ஸ்பிரிங்க்ளர். வளைத்துத் திருப்ப முடியாததற்கு முதல் உரிமை. நேரடி மோதலைத் தேடும் ஹார்ட் டெஸ்டுக்கு 10 மி.மீ. டாலரன்ஸ் போதும். கிளியரன்ஸ் டெஸ்டில் அதே கட்டத்தில் போடும் எண்ணுக்கு அர்த்தமே வேறு: அங்கே அது விட வேண்டிய இடைவெளி. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். அளவெல்லாம் மி.மீ. தளத்துக்குத் தளம் 3600. பீம் ஆழம், ஸ்லாப் உட்பட, 600. ஆக பீமின் அடி 3000-இல். ஃபால்ஸ் சீலிங் 2700. மிச்சம் 300. சீலிங் சட்டத்துக்கு 50 போனால் 250. டக்ட் உயரம் 200, மேலும் கீழும் 25 இன்சுலேஷன், கூட்டினால் 250. மாடலில் கிளாஷ் இல்லை, பச்சை விளக்கு. ஆனால் டக்ட் ஃபிளேஞ்ச் (இணைப்பு விளிம்பு) பக்கத்துக்கு 30 வெளியே நீட்டும், அதை யாரும் மாடல் பண்ணவில்லை. அந்தப் பக்கமாக 12 மீட்டர் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று சரிவு வைத்தால் 120 மி.மீ. இறங்கும். அதற்கு இடமே இல்லை. இது மாடலரால் தீர்கிற கிளாஷ் அல்ல. பீமில் ஸ்லீவா (குழாய் போக விடும் துளை), டக்ட்டை அகலமாக்கித் தட்டையாக்குவதா, சீலிங்கை இறக்குவதா என்று டிசைனர் முடிவெடுக்க வேண்டும். ஒரு டக்ட் 12 பீம்களில் மோதினால் அது 12 கிளாஷ் இல்லை, ஒரே பிரச்சினை. குரூப் பண்ணுங்கள். உங்கள் 6,000-இல் கூட்டத்தில் பேச வேண்டியவை நாற்பது, ஐம்பதுதான் தேறும்.

"போன வாரம் அப்ரூவ் செய்ததெல்லாம் மறுபடி நியூ என்று வருகிறது" என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். ஃபைல் பெயரில் தேதி போடுகிறீர்களா? நேவிஸ்வொர்க்ஸின் என்டபிள்யூஎஃப் ஃபைல் என்பது மற்ற ஃபைல்களை அவற்றின் பெயரால் கோர்த்து வைத்திருக்கும் கயிறு. பெயர் மாறினால் அதற்கு அது வேறு மாடல். பெயரை மாற்றாமல் அதே இடத்தில் மேலெழுதுங்கள், பழையதைத் தேதியிட்ட ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். கிளையன்ட்டுக்கு அனுப்ப என்டபிள்யூடி. அது அன்றைய நிலையின் படம், இலவச நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடமிலேயே திறக்கும்.

கேள்வி (குவான்டிட்டி சர்வேயர், மதுரை): ரெவிட் ஷெட்யூலில் (அளவுப் பட்டியல்) வரும் பூச்சு அளவு, கையால் எடுத்த அளவைவிடக் குறைவு. ஒப்பந்ததாரர் சண்டைக்கு வருகிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரி, விதிதான் வேறு. ரெவிட் ஜியோமெட்ரியை அளக்கிறது. ஒப்பந்தம் ஐஎஸ் 1200 (கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதி) சொல்கிறபடி அளக்கிறது. அதன் 12ஆம் பகுதிப்படி, 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், பக்கவாட்டு ஓரங்களைச் சேர்க்கக் கூடாது. 3-க்கு மேல் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். ரெவிட்டோ எல்லாத் திறப்பையும் இரு பக்கமும் கழித்துவிடுகிறது.

1.2 × 1.2 ஜன்னல் 1.44 சதுர மீட்டர். ரெவிட் கழிப்பது 2.88, விதி கழிப்பது 1.44. இப்படி 40 ஜன்னல் இருந்தால் 57.6 சதுர மீட்டர் பூச்சு காணாமல் போகிறது. 0.6 × 0.45 வென்டிலேட்டர் 0.27 தான், கழிக்கவே கூடாது. 3.0 × 2.4 ஷட்டர் 7.2, இரு பக்கமும் கழியும். ஆனால் இரண்டு ஓரமும் மேல்பக்கமும் சேர்ந்து 7.8 மீட்டர் நீளம், 230 மி.மீ. சுவரில் 1.79 சதுர மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுவரைத் தொடாமல், கதவு ஜன்னல் ஷெட்யூலில் ஒரு கால்குலேட்டட் வேல்யூ போடுங்கள். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, 1000 மி.மீ. × 1000 மி.மீ.-ஆல் வகுத்தால் அலகில்லாத எண் கிடைக்கும். அதன் மேல் இஃப் எழுதுங்கள். ரெவிட் ஃபார்முலாவில் "சிறியது அல்லது சமம்" குறி வேலை செய்யாது. நாட் போட்டு, "3-ஐவிடப் பெரியது அல்ல" என்று திருப்பி எழுத வேண்டும். பலர் இங்கேதான் எரர் வாங்கிக்கொண்டு எக்செலுக்கு ஓடுகிறார்கள். இன்னொன்று, சுவர் பீமுக்குள் நுழைந்து ஸ்லாப் அடி வரை போகிறதா என்று ஒரு செக்‌ஷன் வெட்டிப் பாருங்கள். போனால் பூச்சு எதிர்த்திசையில் கூடிப்போயிருக்கும், இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

கேள்வி: கிளையன்ட் ரெவிட் 2025 ஃபைல் அனுப்பியிருக்கிறார். எங்களிடம் 2023. திறக்க வழி?

பதில்: இல்லை. பழைய பதிப்பில் சேமிக்கும் வசதியே ரெவிட்டில் கிடையாது. ஐஎஃப்சி வாங்கி லிங்க் பண்ணலாம், பார்க்க உதவும், எடிட் பண்ண உதவாது. எந்தப் பதிப்பு என்பதை பிம் எக்சிகியூஷன் பிளானின் (பிம் வேலை நடக்கும் விதத்தை வகுக்கும் ஆவணம்) முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஃபைல் 900 எம்பி. திறக்க 25 நிமிடம். புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: ஃபைல் அளவைப்போல 20 மடங்கு ரேம் என்பது பழைய கணக்கு. 900 எம்பிக்கு 18 ஜிபி. 32 ஜிபி இருந்தால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள். விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் இம்போர்டட் கேட்டகரீஸ் டேபைத் திறந்து, எத்தனை டிடபிள்யூஜி உள்ளே புதைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த சந்தேகம், கம்பெனி வெப்சைட்டிலிருந்து இறக்கிய நாற்காலி, குழாய், ஏசி ஃபேமிலிகள் (ரெவிட்டின் ஆயத்தப் பொருள்கள்). போல்ட்டின் மரை வரை மாடல் செய்திருப்பார்கள். இரண்டையும் நீக்கி, பர்ஜ் செய்து, ஆடிட் டிக் போட்டுத் திறந்து, சென்ட்ரலை (அனைவரும் பகிரும் மூல ஃபைல்) காம்பாக்ட் கொடுத்துச் சேமியுங்கள்.

கேள்வி (இறுதியாண்டு மாணவர்): அக்கா, ஆட்டோடெஸ்க் யூனிவர்சிட்டி, பில்ட் மாதிரி மாநாடுகளுக்குப் போவது பிரயோஜனமா? செலவு தாங்காது.

பதில்: தம்பி, செலவழிக்காமலே முக்கால்வாசி கிடைக்கும். ஆட்டோடெஸ்க் யூனிவர்சிட்டி 1993 முதல் நடக்கிறது, 2024-இல் சான் டியாகோ, 2025-இல் நாஷ்வில். வகுப்புகளின் பதிவும் ஹேண்டவுட்டும் பின்னர் அவர்கள் தளத்திலேயே இலவசமாக வந்துவிடும். வீடியோவை விட்டுவிட்டு ஹேண்டவுட்டை இறக்குங்கள், படிப்படியான விஷயம் அதில்தான் இருக்கும். பேசுபவர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரரா, புராஜெக்ட் செய்யும் அலுவலகத்தவரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டாமவர் எது உடைந்தது என்றும் சொல்வார். பில்ட் என்பது 2005-இல் ஆஸ்திரேலியாவில் ரெவிட் டெக்னாலஜி கான்ஃபரன்ஸாகத் தொடங்கி, 2017-இல் பெயர் மாறியது. பயனாளர்களே பயனாளர்களுக்கு நடத்திய கூட்டம் என்பதால் பேச்சு கறாராக இருக்கும்.

உள்ளூர்க் கண்காட்சிக்குப் போனால் பென்டிரைவில் உங்கள் அழுக்கு மாடல் ஒன்றையும், அதன் ஐஎஃப்சியையும் எடுத்துப்போங்கள். ஸ்டாலில் ஓடும் டெமோ மாடல் எப்போதும் குளித்துப் பொட்டு வைத்துத்தான் இருக்கும். "இதைத் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். திறந்ததும் பொருள்களின் எண்ணிக்கை, ஆயம், பிராப்பர்ட்டி செட் மூன்றும் வந்திருக்கிறதா என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் அந்த சாஃப்ட்வேரின் லட்சணம் தெரிந்துவிடும்.

கேள்வி (சிங்கப்பூர்): கோர்நெட் எக்ஸ் (கட்டட அனுமதிக்கான அரசுத் தளம்) சமர்ப்பிப்புக்கு ஐஎஃப்சி-எஸ்ஜி கேட்கிறார்கள். சாதாரண ஐஎஃப்சியோடு என்ன வித்தியாசம்?

பதில்: ஃபைல் வகை அதேதான். எந்தப் பொருளுக்கு எந்த வகைப்பெயர், எந்தப் பிராப்பர்ட்டி, என்ன மதிப்பு என்று சிங்கப்பூர் துறைகள் சேர்ந்து வகுத்த பட்டியல்தான் கூடுதல். அதற்கான ஷேர்டு பாராமீட்டர் ஃபைலையும் எக்ஸ்போர்ட் மேப்பிங்கையும் மாடல் தொடங்கும் நாளிலேயே ஏற்றுங்கள். கடைசி வாரத்தில் அறை அறையாக நிரப்பினால் கை ஒடியும். ஆயம் சிங்கப்பூரின் எஸ்விஒய்21 முறையில், மட்டம் சிங்கப்பூர் ஹைட் டேட்டத்தில். எஸ்விஒய்21-இன் ஆரம்பப் புள்ளியே கிழக்கு 28,001.642, வடக்கு 38,744.572 மீட்டர். அதாவது தீவின் நடுவிலேயே 16 கிலோமீட்டர் வரம்பு தாண்டிவிடுகிறது. முதல் கேள்விக்குச் சொன்ன அக்வயர் கோஆர்டினேட்ஸ் வேலை உங்களுக்கும் உண்டு.

கேள்வி: ஐஎஃப்சியைச் சரிபார்க்க இலவசமாக ஏதாவது?

பதில்: பிளெண்டர் என்ற இலவச 3டி சாஃப்ட்வேருக்குள் ஓடும் போன்சாய், முன்பு பிளெண்டர்பிம் என்ற பெயரில் இருந்தது. அல்லது ஃப்ரீகேட் 1.0, அதில் பிம் வொர்க்பெஞ்ச் உள்ளேயே வருகிறது. எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை, செய்த சாஃப்ட்வேரிலேயே திறந்து பார்த்து "சரியாக இருக்கிறது" என்று அனுப்பாதீர்கள். வேறொன்றில் திறந்து பாருங்கள்.