பெரிய மாமாவின் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கேள்வி: என் பெரிய மாமா 1971 போரில் இறந்துபோனார். அப்போது அம்மாவுக்குப் பத்து வயது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அவர் பதக்கம், இரண்டு கடிதம், தந்தி, ஒரு போட்டோ இருக்கின்றன. சின்ன மாமா ஊர் முனையில் கிரானைட் சிலை வைக்கணும் என்கிறார். அம்மா பெட்டியையே தொடவிடுவதில்லை. டிசம்பர் வந்தால் வீட்டில் சண்டைதான். என்ன செய்ய?
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பதக்கம் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கணும் என்று யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டமான பதக்கம் என்றால் விளிம்பில் பொடி எழுத்தில் அவருடைய படை எண்ணும் பேரும் இருக்கும், தேய்த்துத் தேய்த்து அது மழுங்கிவிடும்.

சிலை வேண்டாம் என்பேன். ஊர் முனை என்றால் அநேகமாகச் சாலைப் புறம்போக்கு, பொதுச்சாலையில் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. அதுவுமில்லாமல் ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துச் செய்கிற சிலை யார் மாதிரியோ வந்து நிற்கும். சொந்த நிலத்தில் ஒரு கல் நடுங்கள், கிருஷ்ணகிரியில் கல்லுக்கா பஞ்சம்?

நம் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களில் நிறைய நடுகற்கள்தான், மாட்டை ஓட்டிப்போக வந்தவர்களோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் நட்டது. யார் ஆட்சியில் எத்தனையாவது வருஷம், அவன் யாருடைய சேவகன், எப்படிச் செத்தான் என்பதையெல்லாம் பழைய கற்களில் வட்டெழுத்தில், அதாவது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தில், வெட்டியிருப்பார்கள். அரூர் பக்கம் அப்படி ஒன்றைப் பார்த்தேன். கையில் வில், நெஞ்சில் அம்பு, முகமே தெரியாத அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. பொங்கல் வைக்க வந்த ஒரு அம்மாவிடம் இவர் யாரும்மா என்றால், "சாமிதான், வேற யாரு" என்றார். பேர் தலைக்கு மேலேயே வெட்டியிருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கப்போகிறது. அவரைப் பார்த்த ஞாபகம் உள்ளவர்களில் மூத்தவர் இப்போது அம்மாதானே? பெட்டியைத் திற என்று கேட்காதீர்கள். தந்தி வந்த அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள், மாமா லீவில் வந்தால் என்ன வாங்கி வருவார் என்று சும்மா பேச்சுக் கொடுங்கள், ஒரு நாள் அவரே சாவியை எடுப்பார். சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். போட்டோவின் பின்னால் பேர், ஊர், வருஷம் எழுதும்போது பென்சிலால் லேசாக, பால்பாயிண்ட் பேனா வேண்டாம். கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிடாதீர்கள் (பாசத்தில் செய்கிற கொடுமை அது), மடிப்பில் செலோ டேப்பும் கூடாது. போனில் படம் எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், ஓடு ஒழுகுகிற பக்கம் மட்டும் பெட்டி இருக்கக் கூடாது.

கடிதத்தில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். ஊர் பேர் இருக்காது, 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்றிருக்கும், ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். 99 என்றால் பெரும்பாலும் கிழக்குப் பக்கம், 56 என்றால் மேற்கு, வடக்கு. பக்கத்திலேயே அவருடைய படை எண்ணும் இருக்கலாம். அதைக் குறித்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் முன்னாள் படைவீரர் நலப் பிரிவு எங்கே என்று விசாரித்துப் போங்கள், எந்த இடத்தில் இறந்தார் என்று கேட்டு எழுத வழி சொல்வார்கள். டெல்லியில் 2019ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000 பேருக்கு மேல் கிரானைட்டில் பேர் பொறித்திருக்கிறார்கள், அங்கே மாமா பேர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

கல்லில் என்ன எழுதுவது என்பதை அம்மா சொல்லட்டும், சின்ன மாமா எழுதட்டும். பேர், ஊர், படை எண், எங்கே எப்போது இறந்தார், அவ்வளவு போதும், மாவீரன் சிங்கம் எல்லாம் வேண்டாம். அடியில் உபயம் என்று யார் பேரும் வரக்கூடாது என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், கல் வந்து இறங்கினபிறகு அதற்கு ஒரு சண்டை வேண்டாம்.