கூலிக்கு ஆள் வைத்து வாக்காளர் பதிவுப் படிவம் சேகரிப்பதில் மோசடியைத் தடுப்பது எப்படி?

அமெரிக்காவில் இந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பது பொதுவாகக் குற்றமில்லை. சிக்கல் சம்பளக் கணக்கில்தான் இருக்கிறது. படிவத்துக்கு இவ்வளவு என்று பேசினால், ஆள் கிடைக்காத நாளில் சேகரிப்பவர் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்தோ கற்பனையாகவோ பெயர்களை நிரப்பிவிடுவார். 2008-இல் நெவாடா மாநிலத்தில், வாக்காளர் பதிவில் ஈடுபட்ட ஏகார்ன் என்ற சமூக அமைப்பின் ஊழியர்களுக்கு மணிக்கூலி தரப்பட்டது. ஆனால் ஒரு நாளில் 21 படிவம் சேர்த்தால் கூடுதலாக 5 டாலர். அந்த மாநிலச் சட்டம் எண்ணிக்கைக்கேற்ற ஊதியத்தைத் தடுப்பதால் வழக்கு வந்தது; 2011-இல் அமைப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டது. டெக்சாசிலும் பென்சில்வேனியாவிலும் இதே தடை உண்டு. மணிக்கூலியோடு கட்டாய இலக்கு வைத்தாலும் அதே அழுத்தம்தான் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்தது அடையாளத் தடம். கலிபோர்னியாவில் கூலிக்குச் சேகரிப்பவர் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாங்கிய படிவத்தை, விடுமுறை நாட்கள் நீங்கலாக, 3 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரே கை எழுதியதுபோலப் பத்துப் படிவம் வந்தால் யாரைக் கேட்பது என்று அதிகாரிக்குத் தெரியும்.

சந்தேகப் படிவங்களைச் சேகரிப்பவரே கிழித்துப் போடுவது பெரிய தவறு. அதில் உண்மையான வாக்காளர் ஒருவர் இருந்தால் தேர்தல் நாளில் அவர் பெயர் பட்டியலில் இருக்காது. தனியாகக் கட்டி, குறிப்பெழுதி அலுவலகத்தில் கொடுப்பதே முறை. 2002 கூட்டாட்சித் தேர்தல் சட்டப்படி, படிவத்தில் உள்ள ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் (அரசு தரும் அடையாள எண்) கடைசி 4 இலக்கங்களையோ அங்கே அரசுப் பதிவேடுகளோடு ஒப்பிடுவார்கள். போலிகள் பல அதிலேயே சிக்கும்.