சர்வர் உங்களுடையது என்றால் நோட்டீஸும் உங்களுக்கே

கேள்வி: எங்கள் குறும்படக் குழுவுக்காக பீர்டியூப் (யூடியூப் போன்ற வீடியோ தளத்தை நாமே நடத்த உதவும் மென்பொருள்) சர்வர் நடத்துகிறோம். உறுப்பினர் ஒருவர் ஏற்றிய படத்தில் சினிமா பாட்டு ஒன்று முழுதாக ஓடுகிறது. பாட்டின் உரிமையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏற்றியவர்தானே பொறுப்பு?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் பொறுப்பு அவருக்குத்தான். ஆனால் மின்னஞ்சல் உங்களுக்கு வந்த நிமிடத்திலிருந்து நீங்களும் உள்ளே வந்துவிட்டீர்கள். யூடியூபில் கூகுள் நிற்கும் இடத்தில் இங்கே அட்மின் நிற்கிறார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு இடைநிலையாளருக்கு, அதாவது பிறர் ஏற்றியதைத் தாங்கிநிற்கும் தளத்தை நடத்துபவருக்கு, பாதுகாப்பு தருகிறது. சமூக வலைத்தளமான மைஸ்பேஸுக்கும் இசை நிறுவனமான சூப்பர் கேசட்ஸுக்கும் இடையிலான வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் இதை விளக்கியது. 'ஏதாவது திருட்டு வீடியோ இருக்கலாம்' என்ற பொதுவான ஊகம், தளத்தின்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது. எந்த வீடியோ என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் உரிமையாளரே அதைச் சுட்டிக்காட்டிவிட்டால், கோர்ட் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. வீடியோவை சர்வர் தானாகவே வேறு ஃபார்மட்டுக்கு மாற்றுவதால் மட்டும் பாதுகாப்பு போய்விடாது. அட்மினே லிங்க் கொடுத்து வேறு தளத்திலிருந்து இறக்கிய வீடியோவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஏற்றியவர் அவர்தான்.

'நாங்கள் லாபத்துக்கு நடத்தவில்லை' என்பதை மட்டும் நம்பாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆவது பிரிவில் இடம் கொடுப்பவரைப் பற்றிய பகுதியில்தான் லாபம் என்ற நிபந்தனை உண்டு. பிரதி எடுப்பதற்கும் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கும் அது பொருந்தாது.

இப்போது செய்ய வேண்டியது: மின்னஞ்சல் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமை விதிகள் 2013, விதி 75இன்படி புகாரில் படைப்பின் விவரம், உரிமைக்கான ஆதாரம், வீடியோ இருக்கும் முகவரி, அது விதிவிலக்குகளில் அடங்காது என்பதற்கான விளக்கம், ஏற்றியவர்மீது வழக்குத் தொடர்ந்து 21 நாளுக்குள் உத்தரவு கொண்டுவருவதாக உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் வீடியோவை மறைக்க வேண்டும். அந்த விதி தற்காலிகச் சேமிப்புக்காக எழுதப்பட்டது. மாதக்கணக்கில் உங்கள் டிஸ்கில் கிடக்கும் ஃபைலுக்கு அது அப்படியே பொருந்துமா என்று வாதிட இடமுண்டு. இருந்தாலும் அதே கெடுவைக் கடைப்பிடிப்பதே பத்திரம்.

அழிக்காதீர்கள், பிளாக் செய்யுங்கள். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் விதிப்படி வீடியோவைத் திரும்பக் காட்டலாம். அழித்துவிட்டால் எதைக் காட்டுவது? மறைத்த காரணத்தை அந்தப் பக்கத்தில் போடுங்கள், ஏற்றியவருக்கும் எழுதுங்கள். பிறகு லாக் அவுட் செய்து, பழைய நேரடி லிங்க்கையும் வேறு தளத்தில் ஒட்டிய பிளேயரையும் திறந்து பாருங்கள். முன்னால் சிடிஎன் (வீடியோவின் பிரதியை வைத்து வேகமாக வழங்கும் இடைச் சேவை) வைத்திருந்தால் அதன் கேஷையும் காலி செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: நாங்கள் மறைத்த பிறகும் மற்ற சர்வர்களில் அந்த வீடியோ தெரிந்தால்?
- வாசகி, மதுரை

பதில்: பீர்டியூப் சர்வர்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து கூட்டமைப்பாக இயங்கலாம். உங்களைப் பின்தொடரும் சர்வருக்குப் பொதுவாகப் போவது தலைப்பு, விளக்கம், சிறுபடம் ஆகியவைதான். வீடியோ உங்கள் சர்வரிலிருந்தே ஓடும். பிளாக் செய்யும்போது கூட்டமைப்பிலிருந்தும் நீக்கும் பெட்டியை டிக் செய்தால் மற்ற சர்வர்களுக்கு நீக்கச் சொல்லிச் செய்தி போகும். அப்போது அங்கே சர்வர் படுத்திருந்தால் செய்தி சேராமல் போகலாம். அந்த அட்மினுக்கு நேரடியாக எழுதுங்கள்.

'ரிடண்டன்சி' வசதியை ஒரு சர்வர் இயக்கியிருந்தால் கதை வேறு. அங்கே முழு வீடியோவே பிரதியாக உட்கார்ந்திருக்கும், அதற்கு அந்த அட்மின் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சர்வரில் அது இயங்கினால், முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களையும் நீங்கள் சேமித்துக்கொண்டிருக்கலாம். நம்பிக்கையான சர்வர்களை மட்டும் பின்தொடருங்கள். புதிய கணக்குகளின் வீடியோ மாடரேட்டர் பார்த்த பிறகே வெளியாகும்படியும் வையுங்கள். குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: வெறுமனே பார்ப்பவருக்கும் சிக்கல் வருமா?
- வாசகர், திருச்சி

பதில்: பீர்டியூபில் பார்க்கும்போதே உங்கள் பிரவுசர் வீடியோவின் துண்டுகளை அதே நேரத்தில் பார்க்கும் மற்றவர்களுக்கும் அனுப்பக்கூடும். தாவலை மூடினால் அது நின்றுவிடும். குற்ற வழக்குக்கான 63ஆவது பிரிவு தெரிந்தே மீறுவதைத்தான் தண்டிக்கிறது. ஆனால் திருட்டுப் படம் என்று தெரிந்தும் பார்ப்பவர் 'தெரியாமல் நடந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது. அமைப்புகளில் இந்த பி2பி (பார்வையாளர்களுக்கு இடையேயான) பகிர்வை அணைத்துவிடலாம். அணைத்தால் உங்கள் ஐபி முகவரி சக பார்வையாளர்களுக்குத் தெரிவதும் நிற்கும்.