பள்ளியில் சமயப் பாடம்: இங்கிலாந்துப் பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு சாக்ரே உறுப்பினரின் பதில்கள்

லண்டனில் எங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சாக்ரேயில், அதாவது பள்ளிச் சமயப் பாடத்துக்கான ஆலோசனைக் குழுவில், இந்துக்கள் சார்பில் சில வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, பிஸ்கட் உண்டு. கேட்டவர்கள் பெயரை எடுத்துவிட்டேன்.

கேள்வி: சாக்ரே என்றால் என்ன அண்ணா? ஏதோ கமிட்டி என்கிறார்கள்.

கமிட்டியேதான். இங்கிலாந்தில் சமயப் பாடம் தேசியப் பாடத்திட்டத்தில் இல்லை. அந்தந்த ஊர்க்காரர்களே கூடி எழுதிக்கொள்ள வேண்டும் என்று 1944 சட்டம் வைத்தது, அதைக் கவனிக்க ஒவ்வொரு கவுன்சிலிலும் ஆலோசனைக் குழு கட்டாயம் என்றது 1988 சட்டம். அந்தக் குழுதான் சாக்ரே. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கு அணிகள்: இங்கிலாந்துத் திருச்சபை தனி அணி, மற்ற கிறிஸ்தவ சபைகளும் நாம், முஸ்லிம்கள், சீக்கியர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் அணி, அப்புறம் ஆசிரியர்கள், கவுன்சிலர்கள். அணிக்கு ஒரு ஓட்டு. எங்கள் அணியில் பத்துப் பேர் கை தூக்கினாலும் ஒன்றுதான், திருச்சபைக்கும் ஒன்றுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் பாடத்திட்டம் நிறைவேற நான்கு அணியும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் நம்மை ஒதுக்கிவிட்டும் போக முடியாது.

கேள்வி: மகன் படிக்கும் பள்ளி அகாடமியாக மாறிவிட்டது. இனி உங்கள் பேச்சு அங்கே எடுபடுமா?

எடுபடாது. அகாடமிக்குப் பணம் கல்வி அமைச்சிடமிருந்து நேரே போகிறது, கவுன்சிலுக்கு அங்கே பிடி இல்லை. சமயப் பாடம் நடத்தியே ஆக வேண்டும் என்று அவர்களின் நிதி ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் எங்கள் பாடத்திட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்று இல்லை. 2002இல் டோனி பிளேர் காலத்தில் ஒன்றிரண்டாகத் தொடங்கியது, 2010 சட்டத்துக்குப் பிறகு வெள்ளம் மாதிரி பெருகி, இன்று இங்கிலாந்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் அகாடமிதான். ஒருமுறை எங்கள் வட்டாரத்து அகாடமிகளுக்கெல்லாம் 'வாரத்துக்கு எத்தனை நிமிடம் நடத்துகிறீர்கள்' என்று மரியாதையாக ஒரு கடிதம் போட்டோம். பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. வந்ததில் ஒன்று, 'எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும்'. பார்த்தோம், அதில் அந்தப் பக்கமே இல்லை!

கேள்வி: ராமர் அயோத்தி திரும்பியதுதான் தீபாவளி என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நரகாசுரன் கதை என்று மகள் கை தூக்கியதற்கு, அது வேறு பண்டிகையாக இருக்கும் என்றாராம் டீச்சர்.

அக்கா, டீச்சரைக் கோபிக்காதீர்கள். கையில் கிடைக்கும் ஒர்க்‌ஷீட்டில் ராமர், சீதை, அகல் விளக்கு, அவ்வளவுதான் இருக்கும். இரண்டாம் வகுப்பிலும் அதே விளக்குக்கு வண்ணம் அடிப்பார்கள், நாலாம் வகுப்பிலும் அதே. விடியற்காலை எண்ணெய்க் குளியல் அதில் எங்கே வரப்போகிறது? எங்கள் பாடத்திட்டத்தைப் போனமுறை திருத்தியபோது, தீபாவளிக் கதை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்று ஒரே ஒரு வரி சேர்க்க இரண்டு கூட்டம் பிடித்தது. உங்களுடையது கவுன்சில் பள்ளி என்றால், உங்கள் ஊர்ப் பாடத்திட்டத்தில் அப்படி ஏதும் இருக்கிறதா பார்த்து அதைக் காட்டிப் பேசுங்கள். அகாடமி என்றால் ஆர்.இ. (சமயப் பாடம்) பொறுப்பாசிரியரிடம் நேரே போங்கள், பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நானே வருகிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் கூப்பிடுவார்கள்.

கேள்வி: பிள்ளையை அந்தப் பாடத்திலிருந்து விலக்கலாமா?

இங்கிலாந்தில் விலக்கலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், கடிதம் போதும். வேல்ஸில் 2022இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் அந்த உரிமை இல்லை. விலக்காதீர்கள் என்பதே என் கருத்து, மற்ற பிள்ளைகள் மசூதி பார்க்கப் போகும்போது உங்கள் பிள்ளை நூலகத்தில் தனியே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: நான் பெரியார் வழி, சாமி கும்பிடாதவன். எனக்கு அங்கே இடம் உண்டா?

உண்டு தம்பி. கென்ட் கவுன்சில் தன் சாக்ரேயில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு மனிதநேயவாதியை (ஹியூமனிஸ்ட்) உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது, அவர் வழக்குப் போட்டார். 2023இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்திலும் சிலருக்கு அது கசப்புதான். எனக்கு இல்லை, நம் கூட்டங்களில் சண்டை போடவும் ஆள் வேண்டும்.

கேள்வி: இதையெல்லாம் தேசியப் பாடத்திட்டத்துக்கே கொண்டுபோகப் போகிறார்களாமே?

2025 நவம்பரில் வந்த பாடத்திட்ட ஆய்வறிக்கை படிப்படியாக அப்படிச் செய்யலாம் என்றுதான் பரிந்துரைத்தது. எனக்கு இரண்டு மனசு. அகாடமியும் கவுன்சில் பள்ளியும் ஒரே பாடத்தை நடத்தும், அது நல்லது. ஆனால் அந்த நரகாசுரன் வரிக்காக அடுத்த தடவை எந்த மேசைக்கு முன்னால் போய் உட்காருவது? இப்போதைக்கு சாக்ரே கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான், தேதி கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். நான் போகும் கூட்டங்களில் பார்வையாளர் நாற்காலி அனேகமாகக் காலி.